ஆறில் ஒன்று சைக்கிளுக்கு!

நியூயார்க்கில் இருக்கும் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ ஆறு மாதம் போய்விட்டு வரும் நம்மூர் அப்பா அம்மாக்கள் தவறாமல் கொண்டுவரும் போட்டோக்கள் இரண்டு. ஒன்று, சுதந்திர தேவி சிலை. இன்னொன்று, புரூக்ளின் பாலம். பின்னால் கோட்டை வாசல் மாதிரி ஒரு கல் கோபுரம். அதிலிருந்து வீணைத் தந்தி மாதிரி இறங்கும் கம்பிகள். முன்னால் பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் கேன்வாஸ் ஷூவுடன் அம்மா!

அந்தப் போட்டோ 2021 செப்டம்பருக்கு முந்தியது என்றால், கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஓரத்தில் ஒரு சைக்கிள்காரர் இருந்தாலும் இருப்பார். ஒரு கை பிரேக்கில், ஒரு கை பெல்லில், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். காரணம், அம்மா நின்று சிரித்துக்கொண்டிருக்கும் இடம் அவருடைய பாதை!

அம்மாவைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அவருக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டவரும் அங்கேதான் நின்றார். அவருக்கு முன்னால் நின்றவரும் அங்கேதான். ஏனென்றால் நிற்பதற்கு வேறு இடமே கிடையாது. உலகப் புகழ்பெற்ற ஒரு பாலத்தில், நடக்கிறவருக்கும் மிதிக்கிறவருக்கும் சேர்த்து ஒரே ஒரு மரப்பலகைப் பாதை. கார்களுக்கோ ஆறு லேன்!

இது அந்தச் சைக்கிள்காரருக்கு ஒரு லேன் கிடைத்த கதை.

பேர்தான் ஆறு

மன்ஹாட்டன் ஒரு தீவு. அதற்குக் கிழக்கே புரூக்ளின். நடுவில் ஓடுவதற்குப் பெயர் ஈஸ்ட் ரிவர். ‘ரிவர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, பூகோள வாத்தியார் இதை ஆறு என்று ஒப்புக்கொள்ள மாட்டார். இரண்டு முனையும் கடலோடு தொடர்புள்ள நீரிணை இது. கடல் ஏறும்போது ஒரு பக்கம் ஓடும். வற்றும்போது திரும்பி எதிர்ப் பக்கம் ஓடும். கூட்டணி மாறுகிற கட்சி மாதிரி!

அப்போது புரூக்ளின் தனி நகரம். 1898-ல்தான் நியூயார்க்கோடு இணைந்தது. புரூக்ளினில் குடியிருந்துகொண்டு மன்ஹாட்டனில் வேலை பார்த்தவர்களுக்குப் படகை விட்டால் கதி இல்லை. 1867 குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துபோய்ப் படகுப் போக்குவரத்தே ஸ்தம்பித்தது. ‘பாலம் கட்டியே தீரணும்’ என்ற குரல் பலமாக எழுந்தது.

பாலத்துக்குத் திட்டம் போட்டவர் ஜான் ரோப்ளிங். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் இரும்புக் கம்பிக் கயிறு தயாரித்துப் பெரிய ஆளானவர். 1869-ல் கரையில் நின்று இடம் பார்த்துக்கொண்டிருந்தபோது, கரை சேர வந்த படகு ஒன்று மோதி அவர் கால் நசுங்கியது. ரணஜன்னி கண்டு சில வாரங்களில் இறந்தார். படகுகளுக்கு வேலை இல்லாமல் செய்யப் பாலம் போட வந்தவரைப் படகே முடித்துவிட்டது!

மகன் வாஷிங்டன் ரோப்ளிங் பொறுப்பை ஏற்றார். 1870-ல் வேலை ஆரம்பம். தண்ணீருக்குள் ராட்சச மரப்பெட்டிகளைக் கவிழ்த்து இறக்கி, உள்ளே காற்றை அழுத்தி அடைத்து, அதற்குள் ஆட்கள் இறங்கி ஆற்றின் அடி மண்ணைத் தோண்டினார்கள். அழுத்தக் காற்றிலிருந்து சட்டென்று மேலே வருகிறவர்களுக்கு மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டது. சிலருக்குக் கை கால் விழுந்தது. சிலர் இறந்தே போனார்கள். வாஷிங்டன் ரோப்ளிங்குக்கும் அந்த நோய் வந்தது. 1872-க்குப் பிறகு மனிதர் அநேகமாகப் படுக்கையிலேதான். புரூக்ளின் வீட்டு ஜன்னலிலிருந்து டெலஸ்கோப்பில் பாலம் வளர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் பாலம் எப்படி எழுந்தது? இங்கேதான் வருகிறார் அவர் மனைவி எமிலி. கணக்கு, கம்பியின் பலம், கட்டுமான நுட்பம் எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே கற்றுக்கொண்டார். கணவர் சொன்னதை எஞ்ஜினீயர்களிடம் கொண்டுபோனார். அவர்கள் கேட்டதற்குப் பதில் கொண்டுவந்தார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பத்து வருஷத்துக்கும் மேலாக! பாலம் முடிந்ததும் முதலில் வண்டியில் கடந்து போனவரும் எமிலிதான். வெற்றிக்கு அடையாளமாக மடியில் ஒரு சேவலோடு! இன்று பாலத்தில் அவர் பெயர் பொறித்த பலகை இருக்கிறது.

மனுஷனைவிட ஆடு உசத்தி

1883 மே 24-ல் திறப்பு விழா. ஜனாதிபதி செஸ்டர் ஆர்தரே வந்தார். கோபுரத்துக்குக் கோபுரம் 486 மீட்டர். அன்றைக்கு உலகத்திலேயே அதைவிட நீளமான தொங்கு பாலம் கிடையாது. மொத்த நீளம் 1,825 மீட்டர். அதாவது இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நான்கு பெரிய கேபிள்கள். ஒவ்வொன்றிலும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட எஃகுக் கம்பிகள்.

முதல் நாளில் மட்டும் ஒன்றரை லட்சம் பேர் பாலத்தைக் கடந்தார்கள். கட்டண விவரம் சுவாரஸ்யமானது. நடந்து போனால் 1 சென்ட். குதிரை மேல் போனால் 5 சென்ட். குதிரை வண்டிக்கு 10. மாட்டுக்கு 5. பன்றிக்கும் ஆட்டுக்கும் 2. ஆக, மனுஷனைவிட ஆட்டுக்கு இரண்டு மடங்கு மரியாதை!

திறந்து ஆறாவது நாள், மே 30 அன்று, பாலத்தில் பெருங்கூட்டம். படிக்கட்டில் ஒரு பெண் தடுக்கி விழ, யாரோ அலற, ‘பாலம் விழுகிறது’ என்று புரளி கிளம்பிவிட்டது. நெரிசலில் 12 பேர் செத்தார்கள். ஜனங்களின் பயம் தெளிய வேண்டாமா? அடுத்த வருஷம் மே மாதம் சர்க்கஸ் முதலாளி பர்னம் 21 யானைகளை வரிசையாகப் பாலத்தின் மேல் நடத்திக் காட்டினார். பாலம் அசையவில்லை. சர்க்கஸுக்கும் ஓசியில் விளம்பரம் ஆயிற்று.

இதில் நம் கதைக்கு முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஜான் ரோப்ளிங் பாலத்தின் நட்ட நடுவில், வண்டிப் பாதைகளுக்கு மேலே ஒரு மாடி உயரத்தில், நடக்கிறவர்களுக்கென்று தனிப் பாதை வைத்தார். ‘நெருக்கடியான நகரத்தில் ஜனங்கள் நல்ல காற்று வாங்கிக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தபடி நடக்க ஓர் இடம் வேணும்’ என்பது அவர் எண்ணம். கீழே குதிரை வண்டிகள். கூடவே கேபிள் இழுத்துக்கொண்டு போகும் ரயில். பிற்பாடு டிராமும் வந்தது.

ஜனங்களைச் சுமப்பதில் பாலம் சக்கைப்போடு போட்டது. 1907 வாக்கில் ஒரு நாளைக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடந்தார்கள். இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கார் வந்தது, கூட்டம் குறைந்தது

1911-ல் பாலத்தில் வண்டிகளுக்கு வசூல் நின்றது. நடப்பவர்களுக்கு 1891-லேயே நின்றுவிட்டது. அப்புறம் கார் யுகம். 1944-ல் பாலத்து ரயில் நிறுத்தப்பட்டது. 1950-ல் டிராம் போயிற்று. தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துவிட்டுப் பாலத்தைப் புதுப்பித்தார்கள். 1954-ல் வேலை முடிந்தபோது, போக மூன்று, வர மூன்று, ஆக ஆறு லேன். ஆறும் காருக்கே. லாரிக்கு அனுமதி இல்லை. பஸ்ஸும் போவதில்லை.

நவீனமாகிவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கணக்கைப் பார்த்தால் தலை சுற்றும். ரயிலும் டிராமும் ஓடியபோது நாலு லட்சம் பேரைச் சுமந்த பாலம், ஆறு லேனிலும் கார்கள் ஓட ஆரம்பித்த பிறகு அதில் பாதிப் பேரைக்கூடச் சுமக்கவில்லை. எப்படிச் சுமக்கும்? ஒரு டிராமில் ஐம்பது பேர் நின்றுகொண்டு போன இடத்தில், இரண்டு கார்களில் இரண்டு பேர் சாய்ந்துகொண்டு போகிறார்கள். ரோடு நிறைந்துவிட்டது. ஆனால் ஆள் இல்லை!

சைக்கிள்காரர்? அவர் மேலே போனார், நடக்கிறவர்களின் பலகைப் பாதைக்கு. 1971-ல் அந்தப் பாதையின் நடுவே ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் நடை, அந்தப் பக்கம் சைக்கிள் என்று பிரித்தார்கள். நியூயார்க் நகரத்தின் ஆரம்பகால சைக்கிள் லேன்களில் அதுவும் ஒன்று. 1894-லேயே தெற்கே கோனி தீவை நோக்கித் தனி சைக்கிள் பாதை போட்டு அமெரிக்காவுக்கே வழிகாட்டிய ஊர் புரூக்ளின். அந்த ஊர்க்காரர்களுக்குப் பெரிய பாலத்தில் கிடைத்தது ஒரு பெயிண்ட் கோடு!

கோட்டுக்கு அந்தப் பக்கம்... இந்தப் பக்கம்!

அந்தப் பாதையின் அகலம் பல இடங்களில் 10 அடிதான். தாராளமான இடத்தில் 17 அடி. இதில் தினம் சுமார் 30,000 பேர் நடக்க, 3,000 பேர் சைக்கிள் மிதிக்க வேண்டும். நடக்கிறவர்களில் பலர் வெளியூர் யாத்ரீகர்கள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கிறவர்கள். அவர்களுக்குக் காலடியில் கோடு இருப்பது எங்கே தெரியும்?

சம்பாஷணை எப்போதும் ஒரே மாதிரிதான்.

கிணி... கிணி... கிணி...

“கொஞ்சம் நகருங்க! இது சைக்கிள் பாதை!”

“ஏன்யா, இடிச்சுத் தள்ளிட்டுப் போறே? குழந்தை நடக்கிறது கண்ணு தெரியலை?”

“கோடு போட்டிருக்கே, அது கண்ணு தெரியலையா?”

“ரெண்டு நிமிஷம் நின்னா உலகம் அழிஞ்சுபோயிடுமா?”

நியூயார்க்கில் இதை இங்கிலீஷிலும் ஸ்பானிஷிலும் சீன மொழியிலும் சொல்லுவார்கள். பாவம் ஒன்றுதான்!

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. வேலைக்குப் போகிறவருக்கு அவசரம். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அந்தப் பாலத்தைப் பார்க்க வந்தவருக்கு ஆசை. பத்திரிகைகள் சைக்கிள்காரரைத் திட்டின. சைக்கிள்காரர்கள் டூரிஸ்டுகளைத் திட்டினார்கள். விவரம் தெரிந்த புரூக்ளின் சைக்கிள்காரர்கள், ‘போங்கடா நீங்களும் உங்க பாலமும்’ என்று பக்கத்திலுள்ள மன்ஹாட்டன் பாலத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே தெற்குப் பக்கம் நடப்பவர்களுக்கு, வடக்குப் பக்கம் 2004 முதல் சைக்கிளுக்கு என்று தனித்தனிப் பாதை.

யாருக்கும் தோன்றாத விஷயம் ஒன்று உண்டு. பந்தியில் ஆறு இலையை ஒருவரே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, மிச்சமிருந்த ஓர் இலைக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாடி கீழே ஆறு லேனிலும் கார்கள் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்து யாரும் பெல் அடிக்கவில்லை!

ஆபத்துக்கு உதவிய பாலம்

எப்போதெல்லாம் நகரம் படுத்துக்கொண்டதோ, அப்போதெல்லாம் ஜனங்கள் இந்தப் பாலத்துக்குத்தான் ஓடிவந்தார்கள். 1980 ஏப்ரலில் பஸ், சுரங்க ரயில் தொழிலாளர்கள் 11 நாள் ஸ்டிரைக் செய்தார்கள். சாரி சாரியாக ஆபீஸ் ஜனங்கள் நடந்தும் சைக்கிளிலும் பாலத்தைக் கடக்க, மேயர் எட் காக் பாலத்தில் நின்று உற்சாகப்படுத்தினார். ‘அடடா, சைக்கிள்காரர்களின் தோழர்’ என்று நினைத்துவிடாதீர்கள். அதே மேயர்தான் 1987-ல் மன்ஹாட்டனின் முக்கியமான மூன்று அவென்யூக்களில் பகல் நேரத்தில் சைக்கிளுக்குத் தடை விதிக்கப் பார்த்தார். தபால் கட்டுகளைச் சைக்கிளில் கொண்டுபோகும் இளைஞர்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள். கோர்ட்டிலும் தடை நிற்கவில்லை.

2001 செப்டம்பர் 11 அன்று இரட்டைக் கோபுரம் விழுந்தபோது, புழுதி படிந்த முகங்களோடு ஆயிரக்கணக்கானவர்கள் வீடு திரும்பிய வழி இந்தப் பாலம். 2003 ஆகஸ்டில் நகரம் முழுக்க மின்சாரம் போனபோதும் இதே வழிதான். 2005 டிசம்பரில் இன்னொரு ஸ்டிரைக். நடுக்கும் குளிரில் மேயர் புளூம்பெர்க்கே பாலத்தில் நடந்தார்.

மோட்டார் ஓடாத நாளில்தான் பாலத்தின் நிஜ பலம் தெரிந்தது. மறுநாள் மோட்டார் ஓடியதும் மறந்துவிட்டார்கள்.

எடை தாங்குமா?

2016-ல் நகராட்சி ஒரு யோசனை செய்தது. மேலே இருக்கிற பலகைப் பாதையையே அகலமாக்கினால் என்ன? நல்ல யோசனைதான். ஆனால் புதிதாக எடை ஏற்றினால் 130 வருஷக் கேபிள் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும் என்றார்கள்.

கேபிள் விஷயத்தில் இந்தப் பாலத்துக்குப் பழைய கசப்பு ஒன்று உண்டு. கட்டும்போதே கம்பி சப்ளை செய்த லாயிட் ஹெய்க் என்ற காண்டிராக்டர் மட்டக் கம்பியைத் தள்ளிவிட்டிருந்தார். பரிசோதனையில் தேறிய நல்ல கம்பியைக் காட்டிவிட்டு, வழியில் மட்டமானதை மாற்றி அனுப்புவது! கண்டுபிடிப்பதற்குள் நிறையக் கம்பி கேபிளில் ஏறிவிட்டது. பிரித்தெடுக்க முடியாது. நல்லவேளை, ரோப்ளிங் தேவையைப்போல ஆறு மடங்கு பலத்துக்குத் திட்டம் போட்டிருந்தார். மோசடிக்குப் பிறகும் பலம் மிஞ்சும் என்று கணக்குப் பார்த்து, ஒவ்வொரு கேபிளிலும் கூடுதலாக நல்ல கம்பிகளைச் சேர்த்தார்கள். நம்ம ஊரில் காண்டிராக்ட் என்றால் தலையில் அடித்துக்கொள்கிறோமே, ஊருக்கு ஊர் வாசற்படிதான்!

ஆராய்ச்சி நடந்துகொண்டே இருந்தது. அதற்குள் 2020-ல் கொரோனா. சுரங்க ரயிலில் ஏறவே ஜனங்கள் பயந்தார்கள். சைக்கிள் கடைகளில் சரக்கு காலி. நகரத்துப் பாலங்களில் சைக்கிள் கூட்டம் எகிறியது. ‘அகலப்படுத்த முடியவில்லை என்றால் கீழே ஒரு லேனைக் கொடுங்களேன்’ என்று சைக்கிள் இயக்கத்துக்காரர்கள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது குரல் பலமானது.

2021 ஜனவரியில் மேயர் பில் டி பிளாசியோ அறிவித்தார். மன்ஹாட்டன் நோக்கிப் போகும் மூன்று லேன்களில் உள்பக்க லேன் இனிமேல் சைக்கிளுக்கு! அந்தக் கோடையில் வேலை நடந்தது. 2021 செப்டம்பர் 14-ல் திறந்துவிட்டார்கள். 1950-க்குப் பிறகு அந்தப் பாலத்தின் பாதைப் பங்கீட்டில் கை வைத்தது அதுதான் முதல் தடவை.

முடிவு எடுக்க 71 வருஷம். வேலைக்கு ஒரு கோடை. புதுக் கேபிள் போடவில்லை. ஒரு கல்லை நகர்த்தவில்லை. கான்க்ரீட் தடுப்பை வரிசையாக வைத்து மேலே கம்பி வலை அடித்தார்கள், அவ்வளவுதான். இடம் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த இடம் அங்கேயேதான் இருந்தது!

வாருங்கள், ஒரு மிதி மிதிப்போம்

புரூக்ளின் பக்கம் ஆடம்ஸ் தெருவில் ஏறுகிறோம். ஆரம்பத்தில் சமதளம் மாதிரி இருக்கும். ஏமாந்துவிடாதீர்கள். நடுப்பாலம் தண்ணீரிலிருந்து சுமார் 41 மீட்டர் உயரம். அந்த உயரத்தை நம் முழங்கால்தான் ஏற வேண்டும். மேடு செங்குத்து இல்லை. ஆனால் முடியவே முடியாதோ என்கிற மாதிரி நீளம். பாதி வழியில் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிப்பவர்களைப் பார்க்கலாம். மிதிக்காமலே மிதப்பவர்கள் மோட்டார் வைத்த சைக்கிள்காரர்கள். பொறாமைப்படாமல் ஓரம் கட்டுங்கள்.

வலது கைப்பக்கம் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் கார்கள் உறுமிக்கொண்டு கூடவே வரும். நடுநடுவே இரும்புச் சட்டங்கள் வழியாகப் பார்த்தால் வடக்கே மன்ஹாட்டன் பாலம் தெரியும். சுதந்திர தேவி? அம்மணி தெற்கே இருக்கிறாள். நடுவே இரும்புச் சட்டங்களும் எதிர்ப் பக்க ரோடும் மறைக்கும். காட்சி எல்லாம் மேலே நடக்கிறவர்களுக்கு. புகையும் சத்தமும் கீழே மிதிக்கிறவர்களுக்கு. பங்கு பிரித்ததில் இது ஒரு குறைதான்.

ஆனால் ஒரே ஒரு காட்சி சைக்கிள்காரருக்கும் உண்டு. கல் கோபுரம்! கூரான வளைவுடைய இரண்டு பிரம்மாண்ட வாசல்கள் ஒவ்வொரு கோபுரத்திலும். பாதை நேராக அதற்குள் நுழைகிறது. ராஜகோபுரத்துக்குள் சைக்கிளோடு நுழைந்தால் எப்படி இருக்கும்? அப்படி! ஒரு விநாடி நிழல், ஒரு விநாடி குளிர், மறுபடி வெயில்.

அதற்கப்புறம் பாலத்தின் நடுப்பகுதி. ஆற்றுக் காற்று குறுக்கே அடிக்கும். இரண்டாவது கோபுரத்தைத் தாண்டியதும் மன்ஹாட்டனை நோக்கி இறக்கம். பிரேக்கில் விரல் இருக்கட்டும். ஏனென்றால் லேனின் அகலம் மொத்தம் 8 அடி. அதிலேயே போகிறவரும் வருகிறவரும். எதிரே ஏறி வருகிறவர் மூச்சு வாங்கிக்கொண்டு வருவார். நாம் பறந்துகொண்டு இறங்குவோம். நடுவில் யாராவது முந்தப் பார்த்தால் மூன்று ஹேண்டில்பாரும் ஒன்றையொன்று குசலம் விசாரிக்கும்! கீழே இறங்கினால் நகராட்சி அலுவலகத்தின் பக்கத்தில் சென்டர் தெரு. சுமாராக மிதித்தாலே பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் அக்கரை.

யாருக்கு இந்த லேன்?

‘ஹெல்மெட் போட்டுக்கொண்டு உடம்பைக் குறைக்க மிதிக்கிற பணக்காரர்களுக்குத்தானே?’ என்று கேட்கலாம். அவர்களும் உண்டு. ஆனால் பின்னால் சதுரப் பையைக் கட்டிக்கொண்டு, ஹேண்டில்பாரில் போன் மாட்டிக்கொண்டு, மழையோ பனியோ பார்க்காமல் போகிறார்களே, அவர்களைக் கவனியுங்கள். சாப்பாடு டெலிவரி செய்பவர்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த வேலையில் இருக்கிறார்கள் என்று நகராட்சியே கணக்கிட்டது. பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2020 வரை அவர்களுடைய மின்சார சைக்கிள் சட்டப்படி செல்லாது. போலீஸ் பிடித்து அபராதம் போடும், வண்டியையே பறிமுதல் செய்யும். சாப்பாடு ஆர்டர் செய்கிறவருக்கு அபராதம் கிடையாது! 2020-ல்தான் சட்டம் மாறியது. 2023 டிசம்பரிலிருந்து குறைந்தபட்சக் கூலியும் வந்தது.

அந்த மாதிரி ஒருவருக்குப் பாலத்தின் மேல் யாரையும் இடிக்காமல், யாரிடமும் திட்டு வாங்காமல் போகிற பத்து நிமிஷம் சாதாரண விஷயம் இல்லை. கீழே விழுந்தால் அன்றைய கூலி போச்சு.

நடக்கிறவர்களுக்கும் லாபம். மேலே உள்ள பலகைப் பாதை முழுக்க இப்போது அவர்களுக்கே. அங்கே சைக்கிளுக்கு இடம் கிடையாது. 2024 ஜனவரியில் பாலத்தை அடைத்துக்கொண்டிருந்த நடைபாதைக் கடைகளையும் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். ரோப்ளிங் ஆசைப்பட்ட மாதிரி காற்று வாங்கிக்கொண்டு நடக்கலாம். கடை போட்டுப் பிழைத்தவர்களுக்குத்தான் அது சங்கடம்.

கார்காரருக்கு ஐந்து லேன் மிச்சம். பாலத்துக்கு இன்றைக்கும் கட்டணம் இல்லை. ஆனால் 2025 ஜனவரி 5 முதல், 60-வது தெருவுக்குத் தெற்கே மன்ஹாட்டன் தெருக்களில் காரோடு நுழைந்தால் நெரிசல் கட்டணம் கட்ட வேண்டும். பகல் நேரத்தில் 9 டாலர் என்று ஆரம்பித்தார்கள். சைக்கிளுக்கு? பைசா கிடையாது. 1883-ல் ஆட்டுக்குக்கூட 2 சென்ட் வாங்கிய பாலம்!

புரூக்ளினைப் பார்த்து மற்ற இடங்களும் விழித்துக்கொண்டன. அதே ஈஸ்ட் ரிவரில் வடக்கே இருக்கும் குவீன்ஸ்பரோ பாலத்திலும் இதே கூத்துதான், நடையும் சைக்கிளும் ஒரே ஒடுக்கமான பாதையில். 2025 மே 18-ல் அங்கேயும் கார்களிடமிருந்து தெற்கு ஓர லேனை வாங்கி நடக்கிறவர்களுக்குக் கொடுத்தார்கள். பழைய பாதை சைக்கிளுக்கு ஆயிற்று.

கிளம்பும் முன்...

* சொந்த சைக்கிள் வேண்டியதில்லை. 2013 முதல் தெருவுக்குத் தெரு நீல நிற வாடகை சைக்கிள் நிற்கிறது. 16 வயது ஆகியிருக்க வேண்டும்.

* அங்கே வலது பக்கம்தான் போக வேண்டும். பழக்க தோஷத்தில் இடது பக்கம் போனால் எதிரே வருகிறவர் மடியில் உட்கார வேண்டியதுதான்.

* சைக்கிள் லேனில் நின்று போட்டோ எடுக்காதீர்கள். நிறுத்த இடமே இல்லை. காட்சி வேண்டுமா? போகும்போது சைக்கிள், திரும்பும்போது மேல் பாதையில் நடை. இரண்டு பாலம் பார்த்த மாதிரி இருக்கும்.

* காலை சீக்கிரம் போங்கள். கூட்டமும் குறைவு, காற்றும் சுத்தம்.

இன்னும் ஒரு லேன்

எல்லாம் சுபம் என்று முடித்துவிடலாம். ஆனால் மிதிக்கிறவர்கள் விடுவதாக இல்லை. லேன் திறந்த பிறகு பாலத்தில் சைக்கிள் கூட்டம் கூடிவிட்டது. மோட்டார் வைத்த சைக்கிள்கள், முன்னால் குழந்தைகளை உட்காரவைத்து ஓட்டும் பெட்டி சைக்கிள்கள் எல்லாம் சேர்ந்துகொண்டன. எட்டு அடி இப்போது ஒடுக்கம். தீபாவளிக்குத் தைத்த சட்டை பொங்கலுக்குள் பிள்ளைக்குப் பற்றாமல் போனமாதிரி!

‘அதான் கீழே இன்னும் அஞ்சு லேன் இருக்கே?’ என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். இப்போதே கேட்கட்டும். முதல் லேனுக்கே 71 வருஷம் ஆயிற்று. இரண்டாவதற்கு இன்றைக்கே துண்டு போட்டு வைத்தால்தானே பேரப்பிள்ளைக்காவது இடம் கிடைக்கும்!